சாம்பல் நிறப் பெட்டி

காளிக்குட்டியிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஜுமைலா முடிவெடுத்துப் பன்னிரண்டு நாளாகிவிட்டது. முடிவெடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பாலத்தைக் கடந்து, ரப்பர் தோட்டத்து மண்பாதையில் ஏறி, அந்த வீட்டு முற்றத்தில் போய் நிற்கத்தான் கால் எழவில்லை. சொல்ல வேண்டியது இரண்டே வாக்கியம். "உங்க வீட்டுக்காரருக்கு டாக்டர் மருந்தை நிறுத்தலை. நான் செஞ்ச தப்புல நின்னுபோச்சு." சோறு வடிக்கும்போதும், பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதும், தொழுகை முடிந்து பாயைச் சுருட்டும்போதும் அதைச் சொல்லிப் பார்த்தாள். ஆளில்லாத இடத்தில் தடங்கலில்லாமல் வந்தது. காளிக்குட்டியை எதிரே நிறுத்திக்கொண்டால் மட்டும் முதல் வாக்கியத்தின் பாதியிலேயே வாய் கட்டிக்கொண்டது.

கூரிக்கடவில் ஜுமைலாவைத் தெரியாதவர்கள் குறைவு. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செருப்புக்கடை மாடியில் ஒரு டைப்பிங் கடை இருந்தது. அங்கே பதினோரு வருடம் உட்கார்ந்திருந்தவள் அவள். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, பாஸ்போர்ட் எடுக்க, பிள்ளையைப் பள்ளியில் போட என்று ஊரே காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு அந்த மாடிப்படியில் ஏறும். ஜுமைலா ஒவ்வொரு கேள்வியாக வாசிப்பாள், அவர்கள் சொல்லுவார்கள், அவள் அடிப்பாள். ஆட்கள் எந்தக் கேள்வியில் தயங்குகிறார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. தகப்பன் பெயர் என்றதும் சம்பந்தமில்லாமல் ஜன்னலைப் பார்க்கிற பையன்கள் இருந்தார்கள். குழந்தைகள் எத்தனை என்றதும் விரல்விட்டு எண்ணி, பிறகு ஒரு விரலை மட்டும் மெதுவாக மடக்கிக்கொள்கிற பெண்கள் இருந்தார்கள். அவள் எதையும் கேட்கமாட்டாள். அடுத்த வரிக்குப் போய்விடுவாள்.

அவளுக்கும் அப்படியொரு வரி உண்டு. பதினெட்டில் நிக்காஹ். மாப்பிள்ளை ஷரஃபு ஷார்ஜாவில் லாரி ஓட்டினான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்தான், பெட்டி நிறைய சோப்பும் பால்பவுடரும் கொண்டுவந்தான். மூன்றாம் தடவை வரவேண்டிய வருடத்தில் அவனுக்குப் பதில் அவனுடைய மாமன் வந்தார். ஷரஃபு அங்கேயே வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டதாகவும், ஜுமைலா பொறுமைசாலி என்று எல்லாருக்கும் தெரியும் என்றும் சொல்லி, கொடுத்த சாயாவைக் குடித்துவிட்டுப் போனார். அவளுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. பிள்ளை இல்லை. அடுத்த மாதம் டைப்பிங் கடையில் சேர்ந்தாள்.

முப்பத்தைந்தாவது வயதில் அவளை நிஷாத் கூட்டிக்கொண்டு போனான். கோழிக்கோட்டில் படித்துவிட்டு வந்து, டைல்ஸ் கடை மாடியில் நாலு பேரை வைத்து சாஃப்ட்வேர் செய்கிற சின்னக் கம்பெனி நடத்துகிறவன். அவளைவிடப் பத்து வயது இளையவன். ஏதோ சான்றிதழுக்கு வந்தவன், அவள் ஒரு கிழவரிடம் கேள்வி கேட்டு எழுதுகிற அழகைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"இத்தா, மத்தவன் செஞ்ச படிவத்தை எத்தனை காலம் நிரப்பிட்டிருப்பீங்க? நீங்களே செய்ய வாங்க."

"எனக்கு இங்கிலீஷ் தகராறு நிஷாதே."

"கம்ப்யூட்டருக்கும் அப்படித்தான். அதுக்கு நாப்பது வார்த்தைதான் தெரியும். நீங்க ரெண்டு பேரும் நல்லா ஒத்துப்போவீங்க."

ஒத்துத்தான் போனது. ஒரே வருடத்தில் அந்த மாடியில் படிவம் என்றால் ஜுமைலா என்றாகிவிட்டது. எந்தப் பெட்டி எப்போது திறக்க வேண்டும், எது எப்போது மூடிக்கொள்ள வேண்டும் என்பதில் அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கல்யாணமாகவில்லை என்று ஒருத்தி தொட்டால் கணவன் பெயர்ப் பெட்டி உடனே முடங்கிவிட வேண்டும், வெறுமனே வாய் பிளந்துகொண்டு நிற்கக்கூடாது என்பதில் அவள் பிடிவாதக்காரி. "இத்தா பூட்டின பெட்டியை ஜின்னு வந்தாலும் திறக்க முடியாது" என்று நிஷாத் வாடிக்கையாளர்களிடம் பெருமை பேசுவான்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே அவள் ஒன்றைச் சொல்லிவிடுவாள். பெட்டியை மூட இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, வாசிக்க மட்டும் விடுவது. பெட்டி வெள்ளையாகவே இருக்கும், எழுத முடியாது, ஆனால் சேமி என்கிற பொத்தானை அழுத்தினால் உள்ளே இருப்பதும் மற்றவற்றோடு சேர்ந்து போகும். இன்னொன்று, முழுக்க முடக்குவது. பெட்டி சாம்பல் நிறமாகும். உள்ளே இருக்கும் எழுத்து கண்ணுக்குத் தெரிந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் சேமி அழுத்தும்போது அந்தப் பெட்டி கணக்கிலேயே வராது. மற்றதெல்லாம் போய்ச்சேரும், இது மட்டும் போகாது. முடக்கியதையும் சேர்த்து எடுத்துக்கொள் என்று தனியாக ஒரு வரி எழுதினால்தான் போகும்.

"மறந்துட்டா?" என்று கேட்பார்கள்.

"மறந்துட்டா அந்தப் பக்கம் வெறுமைதான் பதிவாகும். மறக்காதீங்க."

ஊர் பாலியேட்டிவ் கிளினிக்குக்கான வேலை போன வருடம் வந்தது. படுக்கையில் விழுந்தவர்களை வீட்டுக்குப் போய்ப் பார்க்கிற கிளினிக். ஊரே சேர்ந்து நடத்துவது. செயலாளர் குடைக்கடை அவறான். மழைக்காலத்தில் குடை விற்பார், மற்ற மாதங்களில் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு நோயாளிகள் வீட்டுக்குப் போகிற ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்திருப்பார். அதுவரை எல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். நிஷாத், "கிளினிக்குக்கு சும்மா செஞ்சு குடுக்கலாம் இத்தா" என்றான். ஜுமைலா அதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் கூட வந்தாள்.

தொண்டர்கள் வீட்டுக்குப் போய்விட்டு போனிலேயே நிரப்புகிற மாதிரி செய்தாள். வலி எவ்வளவு, தூங்கினாரா, கஞ்சி இறங்கியதா, புண் எப்படி. அடியில் ஒரு பெட்டி, வலிக்கு வாரத்துக்கு எத்தனை மார்ஃபின் மாத்திரை என்று. அதை டாக்டர் எழுதுவார். வியாழக்கிழமை காலையில் அந்த எண்ணைப் பார்த்துப் பட்டியல் தானாக வரும். மருந்து கொடுக்கிற லிஸ்ஸி சிஸ்டர் பட்டியல்படி பொட்டலம் கட்ட வேண்டும்.

ஒருநாள் ஒரு தொண்டரின் கட்டைவிரல் தவறிப்பட்டு இருபத்தெட்டு மாத்திரை இருநூற்று எண்பதாகிவிட்டது. லிஸ்ஸி சிஸ்டர் சிரித்துவிட்டுத் திருத்தினாள். அவறான் சிரிக்கவில்லை. நேரே டைல்ஸ் கடை மாடிக்கு வந்தார்.

"மோளே, அந்தப் பெட்டியைப் பூட்டிடு. டாக்டரைத் தவிர ஒருத்தனும் தொடக்கூடாது."

ஜுமைலா அன்றே தொண்டர்களுக்கு மட்டும் அதை வாசிக்கிற பெட்டியாக மாற்றினாள். சேமித்துப் பார்த்தாள். எண் பத்திரமாக இருந்தது. அத்தோடு முடிந்திருக்க வேண்டும். பத்து நாள் கழித்து அவறான் மறுபடியும் வந்தார், மூச்சிரைக்க.

"எங்காளுங்க பெட்டி வெள்ளையா இருக்கறதைப் பார்த்துட்டு எழுதலாம்னு நினைச்சுத் தட்டறாங்க. எழுத வரலைன்னதும் போன் கெட்டுப்போச்சுன்னு ஓங்கித் தட்டறாங்க. நேத்து குஞ்ஞாமு போனையே உடைச்சுட்டான். சாம்பல் கலராக்கிடேன். பார்த்ததும் தொடத் தோணக்கூடாது."

"கலர்தானே இக்கா? சாயா வர்றதுக்குள்ள ஆயிடும்."

சாயா வருவதற்குள் ஆகிவிட்டது. ஒரே ஒரு வார்த்தையை மாற்றினாள். வாசிக்க மட்டும் என்றிருந்ததை முடக்கு என்றாக்கினாள். பெட்டி சாம்பலாயிற்று. அவறான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்து, "இப்ப பார்த்தாலே கையைப் பின்னாடி கட்டிக்கத் தோணுது" என்றார். இருவரும் சிரித்தார்கள். நிறத்தைத்தானே மாற்றினோம் என்று அவள் சேமித்துப் பார்க்கவில்லை. புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்லுகிற வரியை அவள் எழுதவில்லை.

அந்த வாரம் மழை பிடித்தது. தொண்டர்கள் செவ்வாயும் புதனும் பதினொரு வீட்டுக்குப் போய்விட்டு வந்து சேமி அழுத்தினார்கள். பதினொரு பேரின் மாத்திரை எண்ணும் மறுமுனையில் வெறுமையாயிற்று. மழையில் டாக்டர் வராத அந்த வியாழக்கிழமைப் பட்டியலில் பாதிப் பேரைக் காணோம். "மழைன்னா நெட்டுக்கும் ஜலதோஷம் பிடிச்சுக்கும்" என்று லிஸ்ஸி சிஸ்டர் முணுமுணுத்துக்கொண்டு பழைய நோட்டை எடுத்தாள். நோட்டில் பத்துப் பேர் இருந்தார்கள். பதினோராவது ஆள், கூடலூர் பக்கம் மகள் வீட்டில் இருந்துவிட்டு எட்டு நாளுக்கு முன்புதான் ஊர் திரும்பியவர். நோட்டு வைக்கிற வழக்கம் நின்ற பிறகு வந்தவர். பெயர் சாத்துண்ணி. மர டிப்போவில் தேக்குத்தடி ஏற்றிக்கொண்டிருந்தவர். வாயில் புற்று.

வெள்ளிக்கிழமை அவர் மனைவி காளிக்குட்டி கிளினிக்குக்கு போன் செய்தாள். ஆற்றுத்தண்ணீர் கிளினிக் வாசல்வரை வந்துவிட்டது. அவறான் லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு கட்டில்களை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். ஒரு கையில் போன், மறு கையில் கட்டிலின் கால்.

"மாத்திரை வரலை. நேத்தோட தீர்ந்துபோச்சு" என்றாள் காளிக்குட்டி.

அவர் கட்டிலை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார். "இதுல ஒண்ணும் எழுதலையே சேச்சி. டாக்டர் நிறுத்தியிருப்பாங்க. வியாழக்கிழமை அவங்க வர்றப்ப கேட்டுச் சொல்றேன்."

காளிக்குட்டி, "சரி, அப்படின்னா அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

சனி, ஞாயிறு, திங்கள் பாலம் தண்ணீருக்கடியில் இருந்தது. செவ்வாய் மதியம் சாத்துண்ணி இறந்துபோனார். வியாழக்கிழமை டாக்டர் வந்து திரையைப் பார்த்துவிட்டு, "யார் நிறுத்தினது? நான் நிறுத்தலையே" என்றார்.

ஜுமைலாவைக் கூப்பிட்டார்கள். யாராவது தொண்டர் கைதவறி அழித்திருப்பார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அந்த வீட்டுக்குப் போய் வந்த ஸீனத்து மூலையில் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். ஜுமைலா கம்ப்யூட்டரைத் திறந்து, யார் எப்போது என்ன சேமித்தார்கள் என்கிற வரிசையைப் பார்த்தாள். ஸீனத்து, புதன், பதினொன்று நாற்பத்திரண்டு. வலி ஆறு. தூக்கம் குறைவு. கஞ்சி இறங்குகிறது. மார்ஃபின் என்ற இடத்தில் ஒன்றுமில்லை. அதற்கு மேலே பத்துப் பெயர். எல்லாவற்றிலும் அதே இடத்தில் ஒன்றுமில்லை.

உடனே புரிந்துவிட்டது. தெரியாமல் செய்த தப்பாக இருந்தால் புரிய நேரம் பிடித்திருக்கும்.

"ஸீனத்து, நீ அழாதே. நீ ஒண்ணும் பண்ணலை. இது நான்."

விடுபட்ட வரியை அங்கேயே எழுதி, பழைய எண்ணை மறுபடி அடித்தாள். சேமித்துப் பார்த்தாள். எண் நின்றது. ஆள் இல்லாத வீட்டு விளக்கு மாதிரி, இருபத்தெட்டு என்று, சாத்துண்ணியின் பெயருக்கு நேரே.

கம்பெனிக்குத் திரும்பியதும் நிஷாத் தேற்றப் பார்த்தான். "பிழைதானே இத்தா. நம்ம வேலையில யாருக்குத்தான் வரலை? நானே எத்தனை தடவை..."

"எத்தனை தடவை? சொல்லு."

அவன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். பிறகு, "அனுப்பினதை வாங்கிச் சேக்கற அந்த மறுமுனையை எழுதினது நான்தான். ஒண்ணும் வரலைன்னா பழசை அழிக்காதேன்னு எழுதியிருக்கலாம்" என்றான்.

மறுநாள் அவள் குடைக்கடைக்குப் போனாள். கூரையிலிருந்து கறுப்புக் குடைகள் தொங்கிக்கொண்டிருந்தன. அவறான் ஒரு கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

"இக்கா, நான் காளிக்குட்டி சேச்சிகிட்டப் போய்ச் சொல்லப்போறேன்."

அவர் கம்பியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என்னன்னு?"

"நடந்ததை."

"நடந்தது அவளுக்கு எதுக்கு? டாக்டராலயே ஆகலை, அவ்வளவுதான் விதின்னு மனசைத் தேத்திக்கிட்டு உக்காந்திருக்கா. நீ போய், அதெல்லாம் இல்லைம்மா, அவர் பட்ட வலி தேவையில்லாத வலியாக்கும்னு சொன்னா அவ என்ன பண்ணுவா? சொல்லு. உன் மனசு லேசாகும். அவ மனசு?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"அப்புறம் கிளினிக்கு. இந்த ஊர்ல நாலு மதத்துக்காரனும் மூணு கட்சிக்காரனும் ஒண்ணா உக்கார்ற இடம் அது ஒண்ணுதான். இது வெளியே போச்சுன்னா நாளைக்கு ஒருத்தன் கதவைத் திறப்பானா?"

"பயம் கிளினிக்குக்கா, உங்களுக்கா இக்கா?"

அவர் குடையைக் கீழே வைத்தார். "எனக்குத்தான். போனை எடுத்தது நானாக்கும். டாக்டர்கிட்ட அப்பவே ஒரு வார்த்தை கேட்டிருந்தா..." முகத்தைத் துண்டால் துடைத்தார். "என்னைக் கேக்காதே. போறதுன்னா போ. எனக்குத் தைரியமில்லை."

இப்படித்தான் பன்னிரண்டு நாள் போயிற்று. அவறானின் கேள்வி அவளை அந்த வீட்டு முற்றத்துக்குப் போகவிடாமல் பிடித்து வைத்தது. உன் மனசு லேசாகும், அவ மனசு? வேலைக்கு வந்தாள், போனாள். ஒரு பள்ளிக்கூடத்துக்கான படிவத்தில் ஒரே பெட்டியை முடக்கி, சேமித்து, திறந்து, மறுபடி முடக்கி, சேமித்து, மாலைவரை அதையே செய்துகொண்டிருந்தாள். நிஷாத் பார்த்தும் பார்க்காதமாதிரி இருந்தான்.

பதிமூன்றாம் நாள் காலை பஸ் ஸ்டாண்டில் ஸீனத்து எதிர்ப்பட்டாள். துக்கம் கேட்க அந்த வீட்டுக்குப் போய்விட்டு வந்திருந்தாள்.

"எப்படி இருக்காங்க?"

"அழலை இத்தா. சாதாரணமாப் பேசறாங்க. அதுதான் பயமா இருக்கு. என்கிட்ட சொல்றாங்க, உங்க மேல ஒரு வருத்தமும் இல்லை மோளே, நாங்க வெளியூர்ல இருந்துட்டுக் கடைசிக் காலத்துக்குத் திரும்பி வந்தவங்க, மருந்து கொஞ்சமாத்தான் இருக்கும், பிழைக்கிறவங்களுக்குக் குடுக்கறதுதானே முறைன்னு. நான் என்னத்தைச் சொல்ல? தலையை ஆட்டிட்டு வந்தேன்."

ஜுமைலா கம்பெனிக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டாள். பாலத்துப் பக்கம் போகிற பஸ் வந்தது. ஏறினாள்.

மழை தூறலாக இருந்தது. மண்பாதை வழுக்கியது. பால் வெட்டு நனையாமலிருக்க ரப்பர் மரங்களின் இடுப்பில் கட்டியிருந்த பிளாஸ்டிக் பாவாடைகளில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஓட்டு வீடு, ஓலைச் சாய்ப்பு, முற்றத்தில் பாசி. காளிக்குட்டி சாய்ப்பில் உட்கார்ந்து ஒரு முறம் நிறையப் பலாக்கொட்டையைத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். சிறிய உருவம். அறுபதுக்கு மேல் இருக்கும். தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

"டைப்பிங் கடைப் பொண்ணுதானே நீ? உன்னை எனக்குத் தெரியும். எங்க ரேஷன் கார்டை நீதான் சரி பண்ணிக் குடுத்தே. பேர் நீக்கறதுக்குக் கடுதாசு வேணும்னு சொன்னாங்க, அதுக்கா வந்தே? உள்ளே வா, நனையாதே."

"இல்லை சேச்சி. வேற விஷயம்."

"நின்னுக்கிட்டேவா?"

ஜுமைலா உட்காரவில்லை. இத்தனை நாள் சொல்லிப் பார்த்த இரண்டு வாக்கியத்தையும் சொன்னாள். இரண்டாவது வாக்கியம் பாதியில் உடைந்தது. மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.

காளிக்குட்டியின் கத்தி நின்றது. "விளங்கலை. நீ டைப்பிங் கடையில இருக்கறவ. நீ எப்படி மருந்தை நிறுத்துவே?"

ஜுமைலா விளக்கினாள். கிளினிக்கில் ஒரு படிவம், அதில் ஒரு பெட்டி, அதற்குள் மாத்திரை எண்ணிக்கை. யாரும் தவறித் தொடாமலிருக்க அதைப் பூட்டினாள். பூட்டியவிதம் சரியில்லை.

"பூட்டறது எதுக்கு? உள்ளே இருக்கறது பத்திரமா இருக்கத்தானே?"

"ஆமா சேச்சி."

"இதுல அப்படி இல்லையா?"

"இல்லை. இதுல பூட்டினா, உள்ளே இருக்கறது போய்ச் சேராது. அதுக்குத் தனியா ஒரு வரி எழுதணும். எனக்குத் தெரியும். எழுதலை."

"தெரிஞ்சும் எழுதலை."

"மறந்துட்டேன்."

காளிக்குட்டி கையிலிருந்த கொட்டையை முறத்தில் போட்டாள். கத்தியை மடக்கினாள். "அப்ப டாக்டர் எங்களைக் கைவிடலை."

"இல்லை சேச்சி. அவங்களுக்குத் தெரியவே தெரியாது. யாரும் கைவிடலை. மருந்து இருந்துச்சு. உங்க பொட்டலத்துக்குள்ளது அலமாரியிலயே இருந்துச்சு."

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் தோன்றியது. ஓலையிலிருந்து சொட்டிய நீர் முற்றத்தில் வரிசையாகக் குழி போட்டுக்கொண்டிருந்தது.

"அவருக்குப் பேச்சு போயிடுச்சு" என்றாள் காளிக்குட்டி, யாரிடமோ சொல்வதுபோல. "கட்டில் சட்டத்துல விரல் மடக்கித் தட்டுவாரு. ஒண்ணு தட்டினா தண்ணி. ரெண்டு தட்டினா திருப்பிப் படுக்க வைக்கணும். மூணு தட்டினா வலி. வெள்ளிக்கிழமை ராத்திரி பூரா மூணுதான். நான் காதைப் பொத்திக்கிட்டேன். கேட்டியா? கட்டினவ, காதைப் பொத்திக்கிட்டேன்."

"சேச்சி..."

"சனிக்கிழமை காலையில பக்கத்துல உக்காந்து சொன்னேன். டாக்டரே நிறுத்திட்டாங்க, இனிமே நமக்கில்லைன்னு. என்னைப் பார்த்தாரு. சரின்னு தலையை ஆட்டினாரு. அதுக்கப்புறம் தட்டவே இல்லை. மூணு நாள். தண்ணிக்குக்கூடத் தட்டலை."

ஜுமைலா முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டாள், பாசியின்மேல், ஈரத்தில். அவறான் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. பதில் எதிரே உட்கார்ந்திருந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள். அந்தச் சொல் அங்கே மிகச் சின்னதாக இருந்தது. மூடிக்கொண்டாள்.

"நான் அவர்கிட்டப் பொய் சொல்லி அனுப்பிட்டேனே" என்றாள் காளிக்குட்டி. "நாப்பத்தொரு வருஷத்துல அந்த மனுஷன்கிட்ட நான் பொய் சொன்னதில்லை."

"உங்களுக்குத் தெரியாதே சேச்சி. அது உங்க பொய் இல்லை."

"பின்னே யாரோடது?"

"என்னோடது."

காளிக்குட்டி எழுந்தாள். முட்டியில் கையை ஊன்றி, மெதுவாக. அடிப்பாளோ என்று ஜுமைலாவுக்குத் தோன்றியது. அடித்தால் நன்றாயிருக்கும் என்றும் தோன்றியது. அவள் சாய்ப்பில் சொருகியிருந்த வாழையிலை ஒன்றை உருவி ஜுமைலாவின் தலைக்குமேல் பிடித்தாள்.

"அப்படின்னா நீ வந்து சொல்லு."

"யார்கிட்ட?"

"அவர்கிட்ட. எந்திரி."

வீட்டைச் சுற்றித் தெற்குப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். கமுகு மரங்களுக்கு அப்பால் அவரை எரித்த இடத்தில் கருகிய மண் மழையில் கரைந்துகொண்டிருந்தது. நடுவில் புதிதாக நட்ட தென்னம்பிள்ளை. இரண்டு இலை விட்டிருந்தது. ஜுமைலா இதுவரை இப்படியொரு இடத்தில் நின்றதில்லை. அவளுடைய ஆட்கள் பள்ளிவாசல் தோட்டத்தில், தலைமாட்டில் நட்ட மீஸான் கல்லுக்கடியில் கிடக்கிறார்கள். அங்கேயும் பெண்கள் உள்ளே போவதில்லை. செருப்பைக் கழற்றினாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். எங்கே பார்த்துச் சொல்வது என்று தெரியவில்லை. இலையைப் பார்த்தாள்.

"டாக்டர் நிறுத்தலை" என்றாள். தொண்டைக்குள்ளேயே நின்றது.

காளிக்குட்டி பின்கட்டுப் படியில் போய் நின்றுகொண்டிருந்தாள். அங்கிருந்தே கேட்டாள்.

"எனக்கே கேக்கலையே. அவருக்கு ஒரு காது சுத்தமாக் கேக்காது. லாரிக்காரங்க ஹாரனடிச்சு அடிச்சுப் போன காது. சத்தமாச் சொல்லு."

ஜுமைலா மூச்சை இழுத்துக்கொண்டாள். பதினோரு வருடம் மற்றவர்களுடைய பெயரையும் வயதையும் தகப்பனையும் உரக்க வாசித்த குரல் அது. தன்னைப்பற்றி அந்தக் குரலில் அவள் எதுவும் சொன்னதில்லை.

"டாக்டர் மருந்தை நிறுத்தலை. ஜுமைலாங்கறவ செஞ்ச தப்பு. நீங்க தட்டியிருக்கலாம். மருந்து இருந்துச்சு."

சரிவுக்குக் கீழே ரப்பர் பால் சேகரித்துக்கொண்டிருந்த யாரோ நிமிர்ந்து மேலே பார்த்தார்கள்.

"இன்னொரு தடவை" என்றாள் காளிக்குட்டி. இப்போது அழுதுகொண்டிருந்தாள்.

ஜுமைலா இன்னொரு தடவை சொன்னாள்.